பசவனகுடிக்குக் குடிவந்திருக்கிறோம்: எந்த வேளையில் எந்தக் கடைக்குப் போவது?

கேள்வி
எழுதியவர்: கோவில்பட்டி மகள்

அனைவருக்கும் வணக்கம். வேலை மாறுதல் காரணமாக நானும் அம்மாவும் ஆறு வாரங்களுக்கு முன்பு கோவில்பட்டியிலிருந்து பெங்களூரு பசவனகுடிக்குக் குடிவந்தோம். காந்தி பஜாரிலிருந்து பத்து நிமிட நடையில் வீடு. பால், காய்கறி, பூ எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. அதில் ஒரு குறையும் இல்லை. நான் கேட்க வந்தது இங்குள்ள சிற்றுண்டிக் கடைகளையும் பேக்கரிகளையும் பற்றி.

எங்கள் ஊரில் எந்தக் கடையில் கடலை மிட்டாய்க்குப் பாகு எப்போது இறக்குவார்கள், எந்தத் தேநீர்க் கடையில் வடை எத்தனை மணிக்குச் சட்டியிலிருந்து வரும், தூத்துக்குடி மக்ரூன் எந்தக் கடைக்கு எந்தக் கிழமையில் புதிதாக வந்து சேரும் என்பதெல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த அந்த அறிவில் ஒன்றுகூட இந்தத் தெருக்களில் செல்லுபடியாகவில்லை என்பது அவருக்கு ஒரு வருத்தம். வாய்விட்டுச் சொல்லமாட்டார், ஆனால் மாலை நான்கு மணி ஆனதும் பலகணியில் நின்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் முனையிலிருக்கும் ஐயங்கார் பேக்கரியிலிருந்து வெண்ணெயும் வெங்காயமும் சேர்ந்து வேகும் வாசனை மூன்றாவது மாடி வரை ஏறி வரும்.

வந்த இரண்டாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஊரே புகழும் ஒரு பழைய உணவகத்துக்கு அம்மாவை அழைத்துச் சென்றேன். பெயரை எழுதிக்கொடுத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நடைபாதையில் நின்றோம். முழங்கால் வலியுள்ள அம்மா பக்கத்துக் கடைப் படியில் உட்கார வேண்டியதாயிற்று. இடம் கிடைத்த பின்பும் எங்கள் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர்கள் நின்றதால் அவசர அவசரமாகச் சாப்பிட்டு எழுந்தோம். தோசை நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். வீடு திரும்பும் வரை அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு வேறொரு கடையில் இட்லிக்கு ஊற்றிய சாம்பார் இனித்தது. அம்மா தட்டை மெல்ல நகர்த்தி வைத்துவிட்டார்.

பேக்கரியில் இன்னொரு சிக்கல். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பலகாரங்களில் பாதிக்கு எனக்குப் பெயர் தெரியாது. விரலால் சுட்டிக்காட்டி வாங்குகிறேன். எது எப்போது சூடாக வரும், எது மறுநாளும் நன்றாயிருக்கும், அம்மா தேடும் மக்ரூன் இங்கே கிடைக்குமா என்று தெரியவில்லை. இந்தப் பேட்டையிலேயே நெடுநாள் இருப்பவர்கள் எங்களைப் போன்றவர்களுக்கு வழி சொல்ல வேண்டும். வரிசையில் நிற்காமல், வயதானவரோடு, நிதானமாக இந்த ஊரின் ருசியை அறிய விரும்புகிறோம். அம்மாவுக்குச் சர்க்கரை சற்றுக் கூடுதல் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.


பதில் 1
எழுதியவர்: சங்கரபுரத்துக்காரர்

வணக்கம் சகோதரி. என் தந்தை கும்பகோணத்திலிருந்து வேலைக்காக வந்தவர். நான் பசவனகுடிப் பக்கத்துச் சங்கரபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். உங்கள் அம்மா படியில் உட்கார்ந்திருந்ததைப் படித்தபோது மனம் கஷ்டப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை என்பது, இந்தப் பேட்டைக்காரர்கள் தங்கள் கடைகளை வெளியிலிருந்து வருபவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்ட வேளை. அந்த நேரத்தில் நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஆகவே முதலில் நீங்கள் கைவிட வேண்டியது ஞாயிற்றுக்கிழமையைத்தான், கடைகளை அல்ல.

பசவனகுடி, 1898ஆம் ஆண்டு பிளேக் நோய் வந்து பழைய பேட்டை நெரிசலில் மக்கள் தவித்த பிறகு, அகன்ற தெருக்களோடு அமைக்கப்பட்ட குடியிருப்பு. பள்ளிக்கூடம், கோயில், சந்தை, அலுவலகம் என்று ஒவ்வொன்றுக்கும் போகிறவர்கள் போகும் நேரத்தையொட்டித்தான் இங்கே சிற்றுண்டிக் கடைகள் தோன்றின. வித்யார்த்தி பவன் என்ற பெயரையே பாருங்கள்: 1943இல், சுற்றியிருந்த பள்ளிகளின் மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கடை என்பதால்தான் அந்தப் பெயர். இப்படி ஒவ்வொரு கடைக்கும் உரிய வேளை ஒன்று இருக்கிறது. அந்த வேளையில் போனால் கடை உங்களை வரவேற்கும்.

காலை ஏழு மணிக்குச் சங்கரபுரத்தில் பிராமின்ஸ் காபி பாருக்குப் போங்கள். 1965 முதல் நடக்கும் கடை. பட்டியல் மிகச் சிறியது. இட்லி, வடை, காரா பாத், கேசரி பாத், காபி, தேநீர், அவ்வளவுதான். காரா பாத் என்றால் நம் உப்புமாதான், ஆனால் சாம்பார்ப் பொடி போன்ற மசாலா சேர்ந்து மஞ்சளாக, இளக்கமாக இருக்கும். காரா பாத்தும் கேசரி பாத்தும் ஒரே தட்டில் பாதிப் பாதியாக வந்தால் மற்றக் கடைகளில் அதற்குச் சௌ சௌ பாத் என்று பெயர். பிராமின்ஸில் உங்கள் அம்மாவுக்குப் பிடிக்கக்கூடிய ஒன்று உண்டு: அங்கே சாம்பாரே கிடையாது. தேங்காய்ச் சட்னி மட்டும். பாத்திரத்தோடு ஒருவர் நின்று, தட்டை நீட்ட நீட்ட ஊற்றிக்கொண்டே இருப்பார். அந்தச் சட்னியில் இனிப்பு இல்லை. பச்சைமிளகாய்க் காரமும் தேங்காயின் பச்சை மணமும்தான் முன்னால் நிற்கும். ஆனால் உட்கார இருக்கை இல்லை. நின்றுகொண்டோ, வெளியே திண்டில் சாய்ந்துகொண்டோதான் சாப்பிட வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு அது ஒத்துவராது என்றால், ஒரு தூக்குச் சட்டியையும் சட்னிக்கு ஒரு கிண்ணத்தையும் எடுத்துச் சென்று வாங்கி வாருங்கள். பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வந்துவிடும் இட்லி ஆறியிருக்காது.

வித்யார்த்தி பவனுக்கு வேலைநாள் பிற்பகலில், மதிய இடைவேளை முடிந்து கடை திறக்கும்போதே போய்விடுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறவாதீர்கள். அந்த நேரத்தில் சுவரோரமாக ஒரு மேசை பெரும்பாலும் கிடைக்கும். சுவரில் இருக்கும் கன்னட எழுத்தாளர்களின் உருவங்களைப் பார்த்துக்கொண்டே காத்திருக்கலாம். பரிமாறுபவர் ஒரே கையில் முழங்கை வரை தோசைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வருவதை அம்மாவுக்குக் காட்டுங்கள். நம் பக்கத்துப் பேப்பர் ரோஸ்டை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தத் தோசையைச் சாப்பிட வேண்டாம். அது தடித்தது, மேலே நெய்யில் கரும்பழுப்பாக முறுகியது, உள்ளே மெத்தென்று இருப்பது. முதல் விள்ளலில் முறுகல் உடையும் சத்தமும், அதற்கடுத்து உளுந்தின் மென்மையும் ஒன்றாக வர வேண்டும். அதுதான் அதன் லட்சணம். நகரின் மற்றப் பல கடைகளில் மசாலா தோசையின் உட்புறம் சிவப்பாக ஒரு பூண்டு மிளகாய்ச் சட்னி தடவியிருக்கும். அதுவும் பெங்களூருவின் அடையாளம்தான்.

சாம்பார் இனிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த நகரத்தின் உணவகங்களில் பெரும்பங்கு உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தொடங்கியவை. அவர்கள் வழக்கத்தில் புளி, மிளகாயோடு வெல்லமும் சாம்பாருக்கு உரிய பொருள். மசாலாவில் தேங்காயும், சில இடங்களில் பட்டையும் சேரும். தெரியாமல் சர்க்கரை விழுந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஊற்றி ஊறவைக்காமல் கிண்ணத்தில் தனியாக வாங்கி, வடையைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டால் அந்த இனிப்பு பொருந்தும். "சாம்பார் பேரே கொடி" என்று கேளுங்கள். தனியாகக் கொடுங்கள் என்று பொருள்.

எம்.டி.ஆர். என்னும் மாவள்ளி டிஃபன் ரூம்ஸ் லால்பாக் சாலையில் இருக்கிறது, திங்கட்கிழமை விடுமுறை. 1924இல் பரம்பள்ளி யக்ஞநாராயண மையாவும் அவர் சகோதரர்களும் தொடங்கிய கடை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசி தட்டுப்பட்டபோது ரவையைக் கொண்டு இட்லி வார்த்துப் பார்த்தார்கள். இன்று எல்லா ஊரிலும் கிடைக்கும் ரவா இட்லி அப்படிப் பிறந்ததுதான். 1951இல் ஐரோப்பா போய் வந்த மையா, அங்கே கண்ட சுத்தத்தைத் தம் சமையலறையில் கொண்டுவர முனைந்து, வாடிக்கையாளர்கள் சமையற்கட்டின் வழியாகவே உள்ளே வரும்படி வைத்தார். வேலைநாள் காலையில் லால்பாக்கில் மரநிழலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு அங்கே போங்கள். ரவா இட்லியோடு ஒரு சிறு கிண்ணத்தில் உருக்கிய நெய் வரும். அதை ஒரேயடியாகக் கவிழ்க்காமல் விள்ளலுக்கு விள்ளல் ஊற்றிக்கொள்வது எங்கள் வீட்டுப் பழக்கம். காபி அதிகம் என்று அம்மா நினைத்தால் "பை டூ" என்று சொல்லுங்கள். ஒரு காபியை இரண்டு கோப்பையில் பிரித்துத் தருவது இந்த ஊர்க் கடைகள் பலவற்றிலும் இயல்பான வழக்கம். யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

பேக்கரியைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இங்கே எழுதுவார்கள் என்று நம்புகிறேன்.


பதில் 2
எழுதியவர்: அடுப்படி அனுபவம்

வணக்கம். நான் கிருஷ்ணகிரிப் பக்கம். பெங்களூருவில் ஓர் ஐயங்கார் பேக்கரியின் அடுப்படியில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். இப்போது ஓசூரில் சொந்தமாகச் சிறு கடை வைத்திருக்கிறேன். அம்மா பலகணியில் நின்று வாசனை பிடிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அடுப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், அந்த வாசனையை வைத்தே எந்தப் பலகாரம் வெளிவருகிறது என்று அவர் சொல்லிவிடலாம்.

நாங்கள் வைத்திருந்தது செங்கல் அடுப்பு. உள்ளேயே விறகை எரித்துச் செங்கல் வெளுக்கும் வரை சூடேற்றி, தணலை ஓரமாக ஒதுக்கி, ஈரச் சாக்கால் தரையைத் துடைத்து, நீண்ட மரத்துடுப்பால் தட்டுகளை உள்ளே தள்ளுவோம். அதற்குப் பிறகு சூடு ஏறாது, இறங்கிக்கொண்டே வரும். கடும் சூட்டில் ரொட்டியும் பன்னும் பஃப்ஸும். சற்றுத் தணிந்ததும் கேக். இன்னும் தணிந்ததும் வெண்ணெய் பிஸ்கட், காரா பிஸ்கட். கடைசியில் மிச்சமிருக்கும் வெதுவெதுப்பில், அறுத்த ரொட்டித் துண்டுகளை இரவு முழுவதும் உலரவிட்டால் ரஸ்க். சூடு இறங்கும் வரிசைதான் அடுப்பிலிருந்து பலகாரம் வெளிவரும் வரிசை. இப்போது பல கடைகளில் மின்சார அடுப்பும் டீசல் அடுப்பும் வந்துவிட்டன. ஆனாலும் இந்த வரிசையைப் பலர் இன்னும் மாற்றவில்லை, ஏனென்றால் வாடிக்கையாளர்கள் அந்த நேரத்துக்குப் பழகியிருக்கிறார்கள்.

மூன்றாவது மாடிக்கு வரும் வெங்காய வாசனை காரா பன்னுடையது. மைதா மாவைப் புளிக்கவைத்துப் பிசையும்போதே நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லி, கறிவேப்பிலை எல்லாவற்றையும் மாவுக்குள் சேர்த்துவிடுவோம். சில கடைகளில் சதகுப்பைக் கீரையும் சேரும். வெங்காயம் விடும் நீரைக் கணக்கில் கொண்டு தண்ணீரைக் குறைத்து ஊற்றாவிட்டால் பன் உட்காரும். புதிதாகச் சேர்ந்த பையன்கள் அடிவாங்கிக் கற்கும் முதல் பாடம் அது. காரா பன்னை அடுப்பிலிருந்து வந்து கால் மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். அதற்கு மேல் அது சாதாரணப் பன்தான். கடைக்குள் நுழைந்ததும் "பிசி இதெயா?" என்று கேளுங்கள். சூடாக இருக்கிறதா என்று பொருள். இந்த இரண்டு சொல் தெரிந்தவரிடம் பழைய சரக்கைத் தள்ளிவிடக் கை வராது.

ரொட்டி நேர்மாறு. சுடச்சுட வாங்கி அறுத்தால் உள்ளே பிசுபிசுப்பாகிக் கத்தியில் ஒட்டும். நன்றாக ஆறிய பிறகுதான் துண்டு விழும். அந்த ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கல்லில் வாட்டி, மேலே வெங்காயமும் கேரட்டும் வதக்கிய மசாலாவை வைத்துத் தருவதுதான் இங்கே டோஸ்ட். மாலையில் அம்மாவுக்கு அதை வாங்கிக் கொடுங்கள். இனிப்பில்லை, வயிறும் நிறையும்.

தில்பசந்த் என்பது தட்டையான பெரிய வட்டம். இரண்டு மாவுத் தகடுகளுக்கு நடுவே தேங்காய்த் துருவல், சர்க்கரை, டூட்டி ஃப்ரூட்டி வைத்துச் சுட்டு, முக்கோணமாக அறுத்து விற்பார்கள். ஹனி கேக் என்பது பாகில் நனைத்த கேக்கின்மேல் ஜாம் தடவித் தேங்காய்த் தூள் தூவியது. இவை இரண்டும் அம்மாவுக்கு ஒரு வாய் மட்டும். காங்கிரஸ் என்று ஒன்று கேட்டால் திகைக்க வேண்டாம். இரண்டாகப் பிளந்த நிலக்கடலையை மிளகு, பெருங்காயம், மஞ்சள், கறிவேப்பிலையோடு வறுத்தது அது. 1969இல் காங்கிரஸ் கட்சி இரண்டாகப் பிளந்த காலத்தில் வந்த பெயர் என்று எங்கள் முதலாளி சொல்வார். கோவில்பட்டிக்காரர்களுக்குக் கடலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இதை ஒரு முறை தின்று பாருங்கள்.

மக்ரூன் கிடைக்குமா என்றால், ஐயங்கார் பேக்கரியில் கிடைக்காது. முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து முந்திரித் தூளைச் சேர்த்துச் சுடுவதுதான் தூத்துக்குடி மக்ரூன். இந்தக் கடைகளிலோ முட்டை உள்ளேயே வராது. கேக்கைக்கூடத் தயிரும் சோடா உப்பும்தான் பொங்க வைக்கின்றன. இந்த வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஹாசன் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்த ஹெப்பார் ஐயங்கார்கள்தான் இதைத் தொடங்கினார்கள். எச்.எஸ். திருமலாச்சார் என்பவர் 1898இல் சிக்பேட்டையில் பெங்களூர் பிரதர்ஸ் பேக்கரியை நிறுவினார். அவருடைய பலகாரக் கடைக்கு வந்துகொண்டிருந்த ஓர் ஆங்கிலேயர்தான் ரொட்டி சுடக் கற்றுக்கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. உங்கள் வீட்டுக்கு அருகே விசுவேசுவரபுரத்தில், சஜ்ஜன் ராவ் வட்டத்தில் இருக்கும் வி.பி. பேக்கரி 1953 முதல் நடக்கிறது. இன்று ஐயங்கார் என்று பலகை வைத்த எல்லாக் கடையும் ஐயங்கார்களுடையது அன்று. ஹாசன் பக்கத்து மற்றக் குடும்பங்களும் தொழில் கற்று அதே பெயரில் நடத்துகிறார்கள்.

உங்கள் அம்மாவுக்கு ஒரு செய்தி. ஹெப்பார் ஐயங்கார்கள் வீட்டில் பேசுவது தமிழ். கன்னடம் மிகுதியாகக் கலந்த, பழைய தமிழ். தங்கள் முன்னோர் இராமானுசர் மேல்கோட்டையில் இருந்த காலத்திலிருந்து இங்கே இருக்கிறார்கள் என்று சொல்வார்கள். எங்கள் முதலாளி வீட்டிலிருந்து மதியச் சாப்பாடு வரும்போது ரசத்தைச் சாத்தமுது என்றுதான் சொல்வார். ஆகவே கன்னடம் தெரியவில்லையே என்று தயங்காமல், பழைய கடைகளில் கல்லாவில் இருக்கும் பெரியவரிடம் தமிழில் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள்.


பதில் 3
எழுதியவர்: மசூதிச் சாலை

முட்டை சேர்ந்த பலகாரம் வேண்டுமென்றால் நகரின் மறுபுறத்துக்கு வர வேண்டும். ஃப்ரேசர் டவுனில் மசூதிச் சாலையில் இருக்கும் ஆல்பர்ட் பேக்கரி 1902ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. காலையில் வந்து ஏமாறாதீர்கள். அது பிற்பகலில் வாசல் திறக்கும் கடை. ஆட்டு மூளை வைத்த பஃப்ஸுக்காக மாலையில் கூட்டம் கூடும். ரமலான் மாதத்தில் பால்கோவா வைத்த நான் ரொட்டி, புனித வெள்ளியையொட்டிச் சிலுவைக் குறியிட்ட பன் என்று அங்கே பலகாரத்துக்கு வேளை மட்டுமல்ல, மாதமும் உண்டு. மக்ரூனைத் தேடிக்கொண்டு வராமல், அந்தந்தப் பருவத்தில் கிடைப்பதைச் சாப்பிட வாருங்கள். தூத்துக்குடிக்கு நிகரான மக்ரூன் தூத்துக்குடியில்தான். ஊரிலிருந்து வருபவர்களிடம் சொல்லி வாங்கிக்கொள்வதே நல்லது.


பதில் 4
எழுதியவர்: விசுவேசுவரபுரம் மருமகள்

அக்கா, நான் மதுரையிலிருந்து திருமணமாகி வந்தவள். மேலே எழுதியவர்கள் சொன்னதில் எனக்கு ஒரு சிறு மறுப்பு உண்டு. புகழ்பெற்ற கடைகளை வரிசையாகப் பார்த்து முடித்தால் சுற்றுலா முடிந்தது போலத்தான் இருக்கும். குடியிருப்பவர்களுக்கு அது போதாது. உங்கள் தெருவிலேயே பெயர் பெறாத ஒரு தர்ஷினி இருக்கும். டோக்கன் வாங்கி, நின்றுகொண்டே சாப்பிடும் இந்தச் சிறு கடைகள் 1980களில் இந்த நகரத்தில்தான் பரவின. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரே நேரத்துக்குப் போய் ஒரு காபி குடியுங்கள். பத்து நாளில் அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே சர்க்கரை இல்லாமல் காபி ஆற்றத் தொடங்கிவிடுவார்கள். என் மாமியாருக்கு அப்படித்தான் நடந்தது. அவருக்கென்று ஒரு நெகிழி நாற்காலியைக்கூட உள்ளேயிருந்து எடுத்துப் போடுவார்கள்.

எங்கள் பக்கத்துத் தின்பண்டத் தெருவுக்கு மாலை இருட்டத் தொடங்கும்போதே வந்துவிடுங்கள். எட்டு மணிக்கு மேல் நகர முடியாது. நின்ற இடத்திலேயே ஹோளிகெயைக் கல்லில் போட்டுத் தருவார்கள். ஹோளிகெ என்பது நம் போளிதான். பருப்புப் பூரணம் ஒன்று, தேங்காய்ப் பூரணம் ஒன்று. மார்கழி, தை மாதங்களில் வந்தால் தெருவே அவரெக்காய், அதாவது நம் மொச்சைக்காய், மணக்கும். பனி விழ விழ அந்தக் காய்க்கு மணம் ஏறும் என்பார்கள். கொட்டைகளை ஊறவைத்து, இரண்டு விரல்களுக்கிடையே பிதுக்கித் தோலைக் கழற்றி எடுக்கும் பருப்புக்கு ஹிதுகபேளே என்று பெயர். மதுரையில் நாங்கள் பிதுக்கம்பருப்பு என்போமே, அதே பிதுக்கல்தான். அதில் குழம்பு வைப்பார்கள், அரிசி ரொட்டியில் பதித்துச் சுடுவார்கள், தோசையில் தூவுவார்கள். முதல் ஆண்டு, மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கிலோ பிதுக்கினேன். விரல்நகம் இரண்டு நாள் பச்சையாக மணத்தது. அன்றைக்குத்தான் அவர் என்னிடம் தன் இளமைக்கதையை முதன்முதலாகச் சொன்னார்.

கன்னடப் பஞ்சாங்கப்படி வரும் கார்த்திக மாதக் கடைசித் திங்கட்கிழமையை மட்டும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். உங்கள் பேட்டையின் பெயருக்கே காரணமான பசவண்ணன், அதாவது நந்தி, கோயில் முன்னால் கடலைக்காய்ப் பரிசே என்ற திருவிழா நடக்கும். நிலக்கடலை வயலை ஒரு காளை தினமும் மேய்ந்துவிட்டுப் போனதால், முதல் விளைச்சலை நந்திக்கே படைப்பதாக உழவர்கள் வேண்டிக்கொண்டார்கள் என்பது கதை. சாலையின் இருபுறமும் பச்சைக்கடலை, அவித்த கடலை, வறுத்த கடலை என்று குவித்துவைத்து அளந்து விற்பார்கள். கோவில்பட்டிக்காரர்கள் அதைத் தவறவிடக் கூடாது.


கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: கோவில்பட்டி மகள்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். நீங்கள் சொன்னவற்றைச் செய்துபார்க்காமல் நன்றி சொல்ல மனம் வரவில்லை.

சங்கரபுரத்து ஐயா சொன்னபடி தூக்குச் சட்டியோடு காலை ஏழு மணிக்குப் போனேன். எனக்கு முன்னால் நான்கு பேர்தான். வீட்டுக்கு வந்து அம்மா முன்னால் திறந்தபோது இட்லியிலிருந்து ஆவி வந்தது. சட்னியை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "பொட்டுக்கடலை கொஞ்சமாத்தான் போட்டிருக்கான், தேங்காதான் பூரா" என்று சொன்னார். இந்த ஊருக்கு வந்த பிறகு ஒரு கடைச் சாப்பாட்டைப் பற்றி அவர் சொன்ன முதல் சொல் அது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் விடுப்பு எடுத்து வித்யார்த்தி பவனுக்கு அழைத்துப் போனேன். உட்கார்ந்து, நிதானமாக, ஒரு தோசையை இருவரும் பாதிப் பாதியாகச் சாப்பிட்டோம். பரிமாறுபவரின் கையில் அடுக்கியிருந்த தட்டுகளை அம்மா எண்ணத் தொடங்கினார். எண்ணி முடிப்பதற்குள் அவர் மூன்று மேசைகளைக் கடந்துவிட்டார்.

பேக்கரியில் நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான்கு மணிக்கு வாசனை வந்ததும் அம்மாவே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கடையில் நின்று, நான் சொல்லிக்கொடுத்தபடி, "பிசி இதெயா?" என்று கேட்டார். கல்லாவில் இருந்த பெரியவர், "ஹத்து நிமிஷ" என்று பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார். அம்மா என் பக்கம் திரும்பி, "பத்து நிமிசமாம், நின்னே வாங்கிருவோம்" என்று சொன்னதுதான் தாமதம், அவர், "நீங்கள் தமிழா? உள்ளே வந்து உட்காருங்கோ" என்று ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். அவருடைய தமிழில் பாதி எங்களுக்குப் புரியவில்லை, எங்கள் தமிழில் பாதி அவருக்குப் புரியவில்லை. அம்மா கேட்ட முதல் கேள்வி, உங்கள் வீட்டில் ரசத்துக்கு என்ன பெயர் என்பதுதான். அவர் சாத்தமுது என்றதும் அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

அதற்குள் தட்டு வெளியே வந்தது. மேல்தோல் பழுப்பாகப் பளபளத்த ஒரு காரா பன்னைத் தாளில் வைத்துக் கொடுத்தார். அம்மா அதைப் பிட்டபோது உள்ளே வெங்காயம் கண்ணாடி போல வெந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஆவியோடு கறிவேப்பிலை மணம் முகத்தில் அடித்தது. பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு மறுபாதியை அந்த முக்காலியிலேயே உட்கார்ந்து முடித்தார். இப்போதெல்லாம் ஐந்து மணிக்குக் கேக், ஆறரைக்குப் பிஸ்கட் என்று பலகணியிலிருந்தே சொல்கிறார். நேற்று வெண்ணெய் பிஸ்கட் வழக்கத்தைவிடத் தாமதம் என்று கவலைப்பட்டார்.

விசுவேசுவரபுரத்துத் தங்கைக்கு: தெருமுனைத் தர்ஷினியில் நாற்காலி இன்னும் கிடைக்கவில்லை, ஆனால் எட்டாவது நாளே அம்மாவின் காபியில் சர்க்கரை போடுவதை நிறுத்திவிட்டார்கள். கடலைக்காய்ப் பரிசே பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டியதிலிருந்து அம்மாவுக்கு வேறு பேச்சில்லை. அங்கே வாங்கும் கடலையில் மிட்டாய் போட்டு முதல் பங்கைப் பேக்கரிப் பெரியவருக்குக் கொடுக்க வேண்டுமாம். எங்கள் கரிசல் மண் கடலை அளவில் சிறியது. வறுபடும் பதமும் அதற்கேற்ப வரும். பரிசேயில் வரும் கடலைகளில் எது சிறியது, எது பாகில் போட்டால் மொறுமொறுப்பாக நிற்கும், நல்ல உருண்டை வெல்லம் காந்தி பஜாரில் எந்தப் பக்கம் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் இப்போதே வாங்கிவைத்துவிடுவார்.